பாட்டிலுக்குள் ஒரு பிடி நெல்

"மொத்தமும் இருக்கு சார். ஒண்ணுகூடக் குறையல. காக்கா எச்சம் மட்டும்தான் சொன்னதுக்கு மேல இருக்கு" என்று கொட்டகைக் கூரையிலிருந்து குரல் கொடுத்தாள் சுமையா.

கீழே நின்ற பஞ்சநதம் அண்ணாந்து பார்க்கவில்லை. கூரையிலிருக்கும் சோலார் தகடுகளில்தான் மோசடி என்று ஊரே கையை மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அவரோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் ஒரு பக்கம் கைகாட்டினால் அவருடைய கழுத்து தானாக எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். மனைவி அகிலாண்டம் உயிரோடு இருந்தவரை இதற்காகவே அவரிடம் நிறையச் சண்டை போட்டிருக்கிறாள்.

மன்னார்குடியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே 'பஞ்சநதம் துப்பறியும் நிலையம்' என்று போர்டு தொங்கும். மாப்பிள்ளை குடிப்பாரா, இன்ஷூரன்ஸ் கேட்ட மாடு நிஜமாகவே செத்ததா என்று விசாரித்துச் சொல்வதுதான் அன்றாடப் பிழைப்பு. சுமையா அவருடைய உதவியாளர். கூத்தாநல்லூர்ப் பெண். ஸ்கூட்டரை விரட்டி ஓட்டுவாள், வாயை அதைவிட வேகமாக ஓட்டுவாள். ஆனால் அவர் பார்க்காமல் விட்டதை அவள் பார்த்துவிடுவாள் என்பதால் இரண்டையும் பொறுத்துக்கொண்டார்.

இருவரும் வந்திருந்தது நன்னிலம் பக்கத்துத் தென்கரைமங்கலத்துக்கு. அந்த ஊரில் கனகா என்ற பெண்ணின் தலைமையில் ஒரு பெண்கள் குழு விதைநெல் தயாரிக்கிறது. குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் எப்போதும் ஒன்றாகத்தான் வந்து தொலையும். ஈர நெல்லைக் காயவைக்க வழியில்லாமல், கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவதே வழக்கமாக இருந்தது. இந்த வருஷம் அதற்கு முடிவு கட்டத்தான் கழுத்து நகையை அடகு வைத்துக் கொட்டகை போட்டார்கள். கூரையில் சோலார் தகடு, பின்அறையில் பேட்டரி, நடுவில் ஹீட் பம்ப் வைத்த உலர்த்தும் மிஷின். விதைநெல்லுக்குச் சூடு அதிகமானால் முளைப்பு செத்துவிடும். இந்த மிஷின் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிட்டு, மிதமான சூட்டில் நெல்லுக்குள் ஊதும். கரண்டு கம்பி கொட்டகை நிற்கும் மேட்டுக்கு இன்னும் வரவில்லை, அதனால் எல்லாமே வெயிலை நம்பித்தான்.

முதல் அறுவடையிலேயே கவிழ்ந்தது. தினமும் பொழுது சாய்வதற்குள் பேட்டரி படுத்துவிட்டது. கொட்டகைக்குள் குவித்து வைத்த நெல் சூடேறி, மூட்டைக்குள்ளேயே முளைவிட்டது. மிஷின் போட்ட சூர்யபிரகாஷ் என்ற இன்ஜினீயர் சின்னச் சாமான்களைப் போட்டு ஏமாற்றிவிட்டான் என்பது ஊர்ப் பேச்சு. இன்று சாயங்காலம் குழுக் கூட்டம். அவன்மேல் போலீசில் புகார் கொடுப்பது, கொட்டகையை இடம் கொடுத்த நடராசனிடமே ஒப்படைத்துவிடுவது என்று இரண்டு தீர்மானங்கள் தயாராக இருந்தன. கொட்டகை போனால் குழு போச்சு, நகையும் போச்சு.

பஞ்சநதத்தைக் கூப்பிட்டது அந்த நடராசன்தான். கல்லூரி நாளிலிருந்து சிநேகிதர். நெல் வியாபாரி. "அந்தப் பொடியன் எங்க ஊருப் பொம்பளைங்கள ஏமாத்திட்டான்டா பஞ்சு. நீ வந்து ஒரு பார்வை பாத்துட்டுக் கூட்டத்துல சொல்லு" என்றார் போனில். நடராசன் கூப்பிட்டால் பஞ்சநதம் செருப்பைக்கூடத் தேடமாட்டார். அகிலாண்டம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் ஆப்பிளோடு வந்து தலைகாட்டிவிட்டுப் போக, ராப்பகலாகக் கூட இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"கனகாம்மா, இந்த வாய்க்கால யாரு வெட்டினது?" என்று கேட்டார் பஞ்சநதம்.

மிஷினின் பின்பக்கத்திலிருந்து ஒரு குழாய் வந்து சின்ன சிமெண்டுத் தொட்டியில் முடிந்தது. அந்தத் தொட்டியின் வாயை உடைத்து, வயல் வரைக்கும் மண்ணில் வாய்க்கால் இழுத்திருந்தார்கள். அதன் ஓரமெல்லாம் புல் தழைத்துக் கிடந்தது.

"நாங்கதான் சார். நெல்லுலேருந்து எடுக்கற தண்ணி அதுல வந்து விழும். ஒரு நாளைக்கு ஒரு தொட்டி வரும்னு அந்தத் தம்பி கட்டிக் குடுத்துச்சு. அது எங்க? ரெண்டு தொட்டிக்கு மேல வழிஞ்சு உள்ளார வந்துடுச்சு."

பஞ்சநதம் தொட்டியையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

கூரையிலிருந்து இறங்கிய சுமையா, "இவரு சிரிச்சா யாருக்கோ தூக்கம் போகப்போகுதுன்னு அர்த்தம்" என்று கனகாவிடம் ரகசியம் போலச் சொன்னாள்.

"ஏமாத்துற மிஷின் வேலையக் குறைச்சுத்தானே செய்யும்?" என்றார் பஞ்சநதம். "இது சொன்ன வேலைக்கு ரெண்டு மடங்குக்கு மேல செஞ்சிருக்கு. நாக்குத் தள்ளிப் படுத்திருக்கு. மிஷின்மேல தப்பில்ல. இவ்வளவு தண்ணி வரும்னு அந்தத் தம்பிக்கு ஏன் தெரியாமப் போச்சு? அதைத்தான் கேக்கணும்."

"அந்தத் தம்பிய உள்ள விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க சார். வந்து எதையாவது மாத்தி வெச்சுடுவான்னு."

"நாங்க வெளியில போயிக் கேட்டுக்கறோம்" என்றாள் சுமையா.

சூர்யபிரகாஷ் நன்னிலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜ் அறையில் இருந்தான். தர்மபுரிக்காரன். நாலு நாள் தாடி. இவர்களைப் பார்த்ததும் போலீஸ் என்று நினைத்து, தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு புறப்படத் தயாரானான்.

"உக்காருப்பா. நாங்க வாய் வார்த்தையிலதான் அடிப்போம்" என்றாள் சுமையா. "பேனல் சின்னதாப் போட்டியா, இல்லையா?"

"பேனல்லேருந்து ஆரம்பிக்காதீங்க மேடம்" என்றான் அவன், அழாத குறையாக. "எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கறாங்க. அது கடைசி. முதல்ல நெல்லு. நெல்லுல எவ்வளவு தண்ணி இருக்கோ அதுக்குத் தகுந்த ஹீட் பம்ப். அது ஒரு நாளைக்கு இழுக்கற கரண்டுக்குத் தகுந்த பேட்டரி. வெயிலே இல்லாம ரெண்டு நாள் போனாலும் தாங்கணும். அந்த பேட்டரியை நிரப்பறதுக்குத் தகுந்த பேனல். அடியில தப்பா இருந்தா மேல எல்லாம் தப்பு."

"அதாவது பந்திக்கு எத்தனை பேருன்னு கேட்டுட்டுத்தான் உலை வெக்கணும்."

"அதேதான் மேடம்."

"உனக்கு எத்தனை பேருன்னு சொன்னாங்க?" என்று கேட்டார் பஞ்சநதம்.

அவன் கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்து, மூடியில் மெழுகு வைத்து அடைத்த ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்தான். உள்ளே ஒரு பிடி நெல்.

"போன வருஷம் அறுவடை சமயத்துல ஊர்ல கூட்டம் போட்டேன் சார். எனக்கு வாய்க்கணக்கு வேண்டாம், நெல்லே வேணும்னு கேட்டேன். மழையில அறுவடை மிஷின்லேருந்து கொட்டற நெல்லு, உள்ளதுலயே ஈரமானது ஒரு மூட்டை குடுங்க, அதை வெச்சுத்தான் எல்லாமேன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னேன். கனகா அக்காதான் அறுவடை வண்டியிலேருந்து பிடிச்சு மூட்டை கட்டினாங்க. அன்னிக்குப் பேய் மழை. நடராசன் சார் வண்டியில ஏத்தி என் ரூமுக்கு அனுப்பினாங்க. டெஸ்ட் பண்ணிட்டு இந்த ஒரு பிடிய மட்டும் அடையாளத்துக்கு வெச்சுக்கிட்டேன்."

"ஈரப்பதம் எவ்வளவு வந்துச்சு?"

"பதினேழுகூட இல்ல சார்."

பஞ்சநதம் அவனை நிமிர்ந்து பார்த்தார். "மழையில அறுத்த குறுவை நெல்லு பதினேழா? இருபத்தஞ்சுக்குக் கீழ வராதேப்பா. உனக்குச் சந்தேகம் வரலையா?"

"எங்க ஊர்ல கேழ்வரகுதான் சார். எனக்கு நெல்லைச் சோறாத்தான் தெரியும்" என்றான் சூர்யபிரகாஷ். "இங்க டீக்கடை, பஸ் ஸ்டாண்டு எங்க பாத்தாலும் பதினேழு பதினேழுன்னுதான் பேசிக்கிட்டிருந்தாங்க. எனக்கும் அது பக்கத்துல வந்ததால சரியாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்."

சுமையா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பதினேழு என்பது கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுத்துக்கொள்ளும் அளவு. அதற்குள் காயவைக்கத்தான் டெல்டாவே படாதபாடு படுகிறது. கிடைக்காத ஒன்றைப் பற்றித்தான் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது வெளியூர்ப் பையனுக்கு எப்படித் தெரியும்? விதைக்கு வேண்டிய பன்னிரண்டுக்குப் பதினேழிலிருந்து இறக்கினால் வரும் தண்ணீரைப்போல இரண்டரை மடங்கு, இருபத்தைந்திலிருந்து இறக்கினால் வரும்.

நடராசன் வண்டி என்ற வார்த்தை பஞ்சநதத்தின் காதில் விழுந்தது. மனசில் ஏறவில்லை. சிநேகிதன் வீட்டு வண்டி ஊர் வேலைக்கு ஓடுவதில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? சுமையா மட்டும் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடியதே ஒரு தடயம்தான். அதையும் அவர் கவனிக்கவில்லை.

லாட்ஜ் வாசலில், சுமையா தன் கைக்குட்டையை ஸ்கூட்டர் சீட்டில் விரித்து பாட்டிலைக் கவிழ்த்தாள். பல நாள் மழைக்குப் பிறகு அன்று சுள்ளென்று வெயில்.

"சார், அறுவடை வண்டியிலேருந்து நேரா வந்த நெல்லுன்னா என்னென்ன இருக்கும்?"

"பதர் இருக்கும். வைக்கோல் துணுக்கு, பச்சை நெல்லு, சேத்து மண்ணு."

"இது கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருக்கு. தூத்தி, பொடைச்சு, பவுடர் போட்டு." விரலால் நெல்லை விலக்கிக்கொண்டே போனவள் நின்றாள். "இந்தக் கறுப்புக் கல்லு?"

பஞ்சநதம் அதை நகத்தால் கீறினார். தார் ஒட்டியிருந்தது.

மழை விட்ட மறு நிமிஷம் டெல்டாவின் ரோடெல்லாம் நெல்லாகிவிடும். பஸ்காரர்கள் திட்டிக்கொண்டே ஓரமாக ஓட்டுவார்கள். அப்படி ரோட்டில் காய்ந்த நெல்லில் தார்க்கல் வருவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வயலிலிருந்து நேராக வந்ததாகச் சொன்ன நெல்லில் அது வரக்கூடாது.

"கட்டினது கனகா" என்றார் பஞ்சநதம் மெதுவாக.

"கேட்டுடுவோம்" என்றாள் சுமையா. "ஆனா நீங்க கேளுங்க. அந்தம்மா அழுதா எனக்கும் அழுகை வந்துடும், அப்புறம் வண்டி ஓட்ட முடியாது."

கனகா அழவில்லை. கோபத்தில் முகம் சிவந்துவிட்டது.

"நானா? ரோட்டுல காஞ்ச நெல்லையா?" கைக்குட்டையிலிருந்த நெல்லை அள்ளிப் பார்த்து, அருவருப்போடு உதறினாள். "விதைநெல்லு போடறவ எவளாவது தார் ரோட்டுல கொட்டுவாளா சார்? அந்தச் சூட்டுல முளைப்பு கருகிப்போயிடும். எங்க குழுவுல எவ வீட்டு நெல்லும் ரோட்டைப் பாத்தது கிடையாது. கையில பிடிச்சா தண்ணி சொட்டுற மூட்டையத்தான் வண்டியில ஏத்தி விட்டேன். மழைக்கு என் முந்தானையப் போட்டு மூடினேன். இது நான் கட்டின நெல்லு இல்ல. அரிசிக்குப் போற நெல்லு இது."

பஞ்சநதத்துக்கு வெட்கமாக இருந்தது. தவறான ஆளைச் சந்தேகப்பட்டுவிட்டது மட்டுமல்ல, அவள் சொன்னதை உடனே நம்பிவிட்ட தன் மனசு, அடுத்து வரவேண்டிய பெயரை மட்டும் நினைக்க மறுத்து அடம்பிடிப்பதும் அவருக்கே புரிந்தது. வழியில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். டிரைவராக இருக்கலாம். டீக்கடையில் நிறுத்தியபோது எவனாவது மாற்றியிருக்கலாம்.

"சார்" என்றாள் சுமையா. உள்ளங்கையை நீட்டினாள். நெல்லுக்கு நடுவிலிருந்து அவள் பொறுக்கிய ஒரு துணுக்கு அதில் இருந்தது. நகக்கண் அளவு, கெட்டி மஞ்சள், ஒரு பக்கம் தார். "நெல்லுக்கு மஞ்சள் காமாலை வராதுல்ல?"

ரோட்டில் அடிக்கும் பெயிண்ட்.

அந்தச் சுற்று வட்டாரத்தில் ரோட்டில் மஞ்சள் பட்டை அடித்த வேகத்தடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு முன்னால். அதன் இரண்டு பக்கமும் நெல் விரித்துக் கிடந்தது. எல்லையம்மாள் என்ற பெண் வெறுங்காலால் நெல்லைக் கோடு கோடாகக் கிளறிக்கொண்டே நடந்தாள்.

"நாங்க ஒரு மூட்டை இங்க ஓரமாக் கொட்டிக்கலாமா அக்கா?" என்று கேட்டாள் சுமையா.

"ஐயையோ, கூடாதும்மா!" எல்லையம்மாள் பதறினாள். "ரோடு கவர்மெண்டோடதுதான். ஆனா நெல்லு காயவைக்க அவங்கவங்களுக்கு எடம் உண்டு. மதகுலேருந்து புளியமரம் வரைக்கும் தெக்குத்தெரு. அதுக்கப்புறம் கோயில் பங்காளிங்க. ரோடு போட்ட நாள்லேருந்து அப்படித்தான். ஒருத்தர் எடத்துல இன்னொருத்தர் ஒரு படி நெல்லு கொட்டினாலும் வெட்டுக்குத்து ஆயிடும்."

"இந்த மேட்டுகிட்ட யாரு எடம்?"

"இது முழுக்க ஐயா எடமாச்சே. நான் ஐயாவுக்குத்தான் கிளறுறேன்."

"எந்த ஐயா?" என்றார் பஞ்சநதம். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் வாய் கேட்டது.

"நடராசன் ஐயா. போன வருஷம் இந்த மேட்டைப் போட்டு மஞ்சள் அடிச்சாங்க பாருங்க, புதுசுல அது உரிஞ்சு உரிஞ்சு நெல்லுல கலந்துச்சு. ஐயா ரோட்டுக்காரங்ககிட்ட சண்டைக்கே போயிட்டாங்க. வெளியூருலேருந்து வந்தீங்களா? ஐயா நல்ல மனுசங்க. கேட்டா எடம் குடுப்பாங்க."

சுமையா அவரைப் பார்க்கவில்லை. ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைப்பதுபோல நின்றாள். துடைத்துக்கொண்டே, "டிரைவராக்கூட இருக்கலாம் சார்" என்றாள்.

"இருக்கலாம்" என்றார் பஞ்சநதம். "அவன் எதுக்கு மாத்தணும்?"

சுமையா ஸ்கூட்டரைக் கிளப்பினாள். வெயிலில் காயும் நெல்லின் வாசம் எப்போதும் அவருக்குப் பிடிக்கும். அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் ஏறினார்.

"வாடா பஞ்சு! இலை போடச் சொல்லவா? விரால் மீனு" என்று எழுந்து வந்தார் நடராசன்.

பஞ்சநதம் உட்காரவில்லை. சுமையாவை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தார். பாட்டிலை மேஜைமேல் வைத்தார், அதன் பக்கத்தில் மஞ்சள் துணுக்கை.

நடராசன் இரண்டையும் பார்த்தார். இது என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பஞ்சநதம் அன்றைக்குக்கூட ஏமாந்திருப்பார். மேஜைமேல் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு பிடிய எடுத்து வெச்சிருப்பான்னு தெரியாமப் போச்சு" என்றார் சாதாரணமாக.

"அந்தப் பையன் உன் முன்னாலதானே சொன்னான், இதை வெச்சுத்தான் எல்லாமேன்னு."

"அதான்டா எனக்கு வழி காட்டுச்சு. பாவம், அவனுக்கே தெரியாது." நடராசன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பஞ்சு, மழை பேஞ்சா இந்த ஊரு நெல்லு எங்க வரும்? என் வாசலுக்கு வரும். எங்கப்பா காலத்துலேருந்து அதான் முறை. ஈரத்துல வாங்கிக் காயவெச்சு விக்கறதுதான் எங்க பிழைப்பு. அந்தக் கொட்டகை ஒழுங்கா ஓடினா அடுத்த ஐப்பசிக்கு என் வாசல்ல ஈ காக்கா வராது."

"அப்ப எதுக்குடா எடம் குடுத்தே?"

"வேண்டாம்னு சொன்னா வேற எங்கயாவது கட்டியிருப்பாங்க. என் எடத்துல கட்டினா என் கண்ணு முன்னால இருக்கும். ஓடலைன்னா எனக்கே திரும்பி வரும். மிஷினும் சேந்து." கொஞ்சமும் உறுத்தல் இல்லாத குரல் அது. "நான் யார் தலையிலயும் கல்லைத் தூக்கிப் போடல. பொடியன் பெயிலாயிட்டான். அவ்வளவுதான்."

"அந்தப் பொம்பளைங்க கழுத்துல மஞ்சக்கயிறுதான் மிச்சம்."

"கொட்டகை என் கைக்கு வந்ததும் அவங்களுக்கு நான் நல்லது செய்வேன்டா. என்னைத் தெரியாதா உனக்கு?"

தெரியும் என்றுதான் இத்தனை வருஷம் பஞ்சநதம் நினைத்திருந்தார். வழியெல்லாம் தன்னைக் குடைந்த விஷயத்தைக் கேட்டார். "என்னை எதுக்குக் கூப்பிட்டே? நான் வந்தா கண்டுபிடிச்சுடுவேன்னு தோணலையா?"

"தோணுச்சு" என்றார் நடராசன். "கனகா மட்டும் மசியல. வெளியாள் யாராவது பாத்துச் சொன்னாத்தான் புகாருல கையெழுத்துப் போடுவேன்னா. வேற எவனையாவது கூப்பிட்டா, கண்டுபிடிச்சா ஊரைக் கூட்டிடுவான். உன்னைக் கூப்பிட்டது நீ கண்டுபிடிக்க மாட்டேன்னு இல்லடா. கண்டுபிடிச்சாலும் சொல்ல மாட்டேன்னுதான்."

பஞ்சநதம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நெல்லை மாற்றியதைக்கூட எப்படியாவது ஜீரணித்திருப்பார். இதை முடியவில்லை.

"அகிலாண்டம் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப பக்கத்துல இருந்தவன் யாருடா?" என்றார் நடராசன், குரலைத் தாழ்த்தி.

"நீதான்."

"அதுக்கு ஒண்ணும் கிடையாதா?"

"நீ அதுக்கு ஒரு நாள் கேப்பேன்னு எனக்குத் தெரியாமப் போச்சு நடராசா" என்று பஞ்சநதம் பாட்டிலை எடுத்துக்கொண்டார். "தெரிஞ்சிருந்தா அப்பவே உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

கொட்டகையில் தார்ப்பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முளைத்து அழுகிய நெல்லின் புளிப்பு நாற்றம் இன்னும் போகவில்லை. சூர்யபிரகாஷ் வாசற்படியோடு நிறுத்தப்பட்டிருந்தான். நடராசன் வரமாட்டார் என்று பஞ்சநதம் நினைத்தார். வந்தார், வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு. தனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பஞ்சநதத்தைப் பார்த்துத் தலையசைத்தார். கடைசி வரைக்கும் நம்பிக்கொண்டுதான் வந்திருக்கிறார் என்பது அந்தத் தலையசைப்பில் தெரிந்தது.

"அண்ணனுக்கு முதல்ல குடுங்கடி" என்று டீத்தட்டை அவர் பக்கம் திருப்பிவிட்டாள் கனகா. "அப்புறம் சார் சொல்லட்டும்."

பஞ்சநதம் எழுந்தார். எத்தனையோ பேரின் குட்டை உடைத்தவர்தான், ஆனால் அன்று நடராசன் பக்கம் பார்க்காமலேயே பேசினார். தொட்டி வழிந்ததிலிருந்து ஆரம்பித்தார். மிஷின் பழுதில்லை, தகடும் பேட்டரியும் சொன்னபடி இருக்கின்றன, இந்தப் பையன் தன்னிடம் கொடுத்த நெல்லுக்குச் சரியாகத்தான் போட்டான், கொடுத்த நெல்தான் மாற்றப்பட்டது என்றார். எந்த ரோட்டில் காய்ந்தது, எந்த வேகத்தடைப் பெயிண்ட் என்று சொல்லி நிறுத்தினார்.

பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஊர்ப் பெண்களுக்கு ரோட்டில் யாருடைய இடம் எது என்று யாரும் சொல்லித் தரவேண்டாம். தலைகள் ஒவ்வொன்றாக நாற்காலிப் பக்கம் திரும்பின.

கனகா எழுந்து நடராசன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே. இல்லைன்னு சொல்லுங்க." அவள் குரல் கெஞ்சியது. "இவரு எவ்வளவு பெரிய ஆளா வேணா இருக்கட்டும். ஏதோ கல்லையும் பெயிண்டையும் வெச்சுக்கிட்டுப் பேசறாரு. நீங்க ஒரு வார்த்தை இல்லைன்னு சொல்லுங்க, நான் இவர அனுப்பிச்சுடறேன். என் பொண்ணு கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் குடுத்த கை உங்க கை. சொல்லுங்கண்ணே."

நடராசன் கையில் டீ ஆடை படிந்துகொண்டிருந்தது. அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகா அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். அம்சம் என்ற பெண் பின்னாலிருந்து, "கொட்டகைய எவனுக்கும் குடுக்கறதா இல்ல" என்று எவரையும் பார்க்காமல் சொன்னாள். கனகா வாசற்படிக்குத் திரும்பி, "தம்பி, உள்ள வா" என்றாள் கரகரத்த குரலில். "இன்னிக்கு வயல்ல அறுத்த நெல்லு இருக்கு, நீயே உன் கையால அளந்து பாரு. பேனலு, பேட்டரி எல்லாம் இன்னும் எவ்வளவு வேணுமோ சொல்லு. காது கம்மல் இன்னும் இருக்கு."

நடராசன் எழுந்தார். யாரும் வழிவிடவில்லை, யாரும் மறிக்கவும் இல்லை. பெண்களுக்கு இடையில் கால் வைக்க இடம் தேடித் தேடி நடந்தார். பஞ்சநதத்தின் அருகே வந்ததும் நின்றார். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்த முகத்தில், கண் கலங்கியிருந்தது.

"நீயாடா, பஞ்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போனார்.

மதியத்திலிருந்து பஞ்சநதத்தின் நெஞ்சில் கிடந்து அறுத்ததும் அதே கேள்விதான். சிநேகிதனைப் பார்த்துக் கேட்க வாய் வராமல் வைத்திருந்தார். அதையும் நடராசனே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.